அண்ணன் முறை

பள்ளிக்கூட நூலகத்துக்குப் பின்னால், சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் வைத்துத்தான் அவள் அதைச் சொன்னாள். அவனுக்கு அப்போது பதினேழு வயது. அவள் அவனைவிட மூன்று மாதம் பெரியவள். வகுப்பில் அவளை வாயாடி என்றும் அவனை நெட்டை என்றும் கூப்பிடுவார்கள். அன்றைக்கு வாயாடிக்கு வாயே வரவில்லை. யாருடையதோ ஒரு சைக்கிளின் மணியைத் திருகிக்கொண்டே நின்றாள். அவள் சொன்னது புரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும், "நிஜமாவா?" என்றுதான் கேட்டான்.

"இத யாராவது வெளையாட்டுக்குச் சொல்லுவாங்களா?" என்றாள் அவள்.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் எதுவும் செய்யவில்லை. யாரிடம் போய்ச் சொல்வதென்று தெரியவில்லை. நாளைக்கு யோசிக்கலாம், அடுத்த வாரம் யோசிக்கலாம் என்று தள்ளிப்போட்டார்கள். நடுவில் ஒரு தேர்வுகூட வந்து போனது. அவள் தொளதொள சட்டைகளாகத் தேடிப் போட்டுக்கொண்டாள். அவள் அப்பா மருந்துக்கடைக்காரர். மருந்துச் சீட்டைப் பார்த்தே யார் வீட்டில் யாருக்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுகிற மனிதர். சொந்த மகள் ஆறு மாதம் சுமந்தது அவர் கண்ணில் படவில்லை. அவள் அம்மாதான் ஒருநாள் துணி மடிக்கும்போது திரும்பிப் பார்த்து, அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாளாம்.

மறுநாள் மாலை மருந்துக்கடைக்காரரும் மனைவியும் அவன் வீட்டுக்கு வந்தார்கள். அவன் அப்பா நகரப் பேருந்து ஓட்டுநர். பணி முடிந்து அப்போதுதான் வந்து காக்கிச் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தார். அம்மா பள்ளிச் சீருடைகள் தைக்கும் கடையில் வேலை செய்கிறவள். நான்கு பேரும் முன்னறையில் உட்கார்ந்தார்கள். அம்மா கொண்டுவந்து வைத்த தண்ணீரை யாரும் தொடவில்லை. அவன் சமையலறை வாசலில் நின்றான். விஷயம் தெரிந்தபோது அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. எழுந்து வந்து அடிப்பார் என்று அவன் எதிர்பார்த்தான். அவர் அடிக்கவில்லை. அவன் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு அடி கிடைத்திருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும் என்று பின்னாளில் அவன் பலமுறை நினைத்ததுண்டு.

கல்யாணம் என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை. வயதும் இல்லை, மனதும் இல்லை. இரண்டு வீடும் ஒரே விஷயத்தில்தான் ஒத்துப்போயின: இனிமேல் இவனும் அவளும் ஒருவரையொருவர் பார்க்கக்கூடாது. குழந்தையை ஏதாவது ஒரு காப்பகத்தில் காதும் காதும் வைத்தாற்போல் சேர்த்துவிடலாம், தெரிந்த நர்ஸிங் ஹோம் இருக்கிறது, மருந்தெல்லாம் என் கடையிலிருந்துதான் போகிறது, சொன்னால் கேட்பார்கள் என்றார் மருந்துக்கடைக்காரர். அப்பாவும் தலையாட்டிவிட்டார்.

அதுவரை பேசாமல் இருந்த அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"கொழந்தைய எங்கிட்ட குடுத்துடுங்க."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். உனக்குப் பைத்தியமா என்று அப்பா கேட்டார். அம்மா அவருக்குப் பதில் சொல்லாமல் மருந்துக்கடைக்காரரின் மனைவியிடமே பேசினாள். எனக்கு முப்பத்தொன்பது வயதுதான் ஆகிறது, இந்த வயதில் பெற்றுக்கொள்கிறவர்கள் இல்லையா, வீட்டை மாற்றிக்கொண்டு போய்விடுகிறோம், என் பெயரிலேயே பதிந்துவிடுங்கள், உங்கள் பெண் பெயர் எங்கேயும் வராது என்றாள். அவனுக்குப் பிறகு அம்மாவுக்கு இரண்டு முறை கரு தங்கி இரண்டும் கலைந்துபோயிருந்தன. அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. தையல் கடையில் சின்ன அளவுச் சட்டை வந்தால் மட்டும் வேறு யாருக்கும் கொடுக்காமல் தானே தைப்பாள்.

அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பான் என்பதுதான் அவனைப் பிற்பாடு அரித்தது. ஏனென்றால் அந்த நிமிடத்தில் அவனுக்கு வந்தது கோபமோ வருத்தமோ அல்ல, நிம்மதி. பெரியவர்கள் ஏதோ ஏற்பாடு செய்துவிட்டார்கள், நாம் தப்பித்தோம் என்று அவன் மூச்சுவிட்டான். வாசலுக்குப் போகும்போது மருந்துக்கடைக்காரர் நின்று, முதல் முறையாக அவனைப் பார்த்துப் பேசினார். "உனக்குத் தம்பியோ தங்கச்சியோ பொறக்கப்போகுதுன்னு நெனச்சுக்கோ. வேற எதையும் நெனைக்காத."

அப்பா டிப்போ மாற்றல் கேட்டு வாங்கினார். நகரத்தின் மறுகோடியில், ஒரு அச்சகத்துக்கு மேலே இரண்டாம் மாடியில் வீடு. பகல் முழுக்க அச்சு இயந்திரம் ஓடுவதில் தரை மெல்ல அதிரும். அம்மா இடுப்பில் துணியைச் சுற்றிக்கொண்டு படியேறி இறங்கினாள். தைக்கத் தெரிந்தவள் என்பதால் வயிறு நம்பும்படி இருந்தது. புது அக்கம்பக்கத்தார் நம்பினார்கள். பதினேழு வருடம் கழித்தா என்று அப்பாவை டிப்போவில் கேலி செய்தார்கள். அவர் சிரித்துச் சமாளித்துவிட்டு வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மகனோடு பேசுவதை அறவே விட்டுவிட்டார். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் அவன் எதிரிலேயே அம்மாவிடம், "அவனக் குளிக்கச் சொல்லு," "அவனச் சாப்பிடச் சொல்லு" என்பார்.

பிறந்த ஒன்பதாம் நாள் குழந்தை வீட்டுக்கு வந்தது. ஒரு மஞ்சள் துவாலைக்குள் பெண் குழந்தை. கை விரல்கள் நீளம் நீளமாக இருந்தன. அம்மா அதை மடியில் போட்டுக்கொண்டு, அவனிடம் பால் புட்டியைக் கொதிநீரில் போடச் சொன்னாள். அவன் இடுக்கியால் புட்டியை எடுத்து வைத்தான். "தங்கச்சியப் பாருடா," என்றாள் அம்மா. அறையில் வேறு யாரும் இல்லை. அவர்கள் மூவர் மட்டும் இருந்தபோதும் அவள் அப்படித்தான் சொன்னாள்.

குழந்தைக்கு வைத்த பெயர் வேறு. ஆனால் அவன் சுண்டு என்று கூப்பிட ஆரம்பித்து, அதுவே நிலைத்துவிட்டது. அந்த வீட்டில் அவன் கொடுத்து நிலைத்தது அந்தப் பெயர் ஒன்றுதான்.

வாயாடியை வேறு ஊரில் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டான். படிப்பு அவனுக்கு ஓடவில்லை. கடைசித் தேர்வு எழுதவில்லை. ஒரு கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். ஜன்னல், மேஜை, அலமாரிக் கதவு, குளியலறைக் கண்ணாடி எல்லாம் அளவுக்கு வெட்டிக் கொடுக்கிற கடை. கட்டிங் மாஸ்டர் குள்ளமான மனிதர். கை முழுக்க வெள்ளை வெள்ளையாகத் தழும்புகள். பழைய கம்பளி விரித்த மேஜைமேல் கண்ணாடியைக் கிடத்தி, வெட்டும் சக்கரத்தை மண்ணெண்ணெயில் தொட்டு, அளவுகோலை ஒட்டி ஒரே மூச்சில் இழுக்க வேண்டும். சரியாக விழுந்தால் காகிதம் கிழிகிற மாதிரி ஒரு சத்தம் வரும். விட்ட இடத்தில் மறுபடி இழுக்கப்போனால் சக்கரமும் பாழ், கண்ணாடியும் பாழ். முதல் மாதத்தில் அவன் உடைத்ததை வைத்து ஒரு வீடே கட்டலாம் என்பார் மாஸ்டர். ஆனால் கை வந்துவிட்டது. நெட்டையாக இருந்ததால் பெரிய கண்ணாடிகளைத் தூக்கவும் வசதியாக இருந்தது.

வேலை முடிந்து வந்தால் அம்மா அவனை வாசலிலேயே நிறுத்துவாள். சட்டையைக் கழற்றி உதறி, கை காலைக் கழுவி, வேறு துணி மாற்றின பிறகுதான் உள்ளே வரலாம். "கண்ணாடித் தூளோட கொழந்தையத் தொடாத," என்பாள். அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அவன் கழுவிவிட்டு வருவதற்குள் எப்போதும் குழந்தை தூங்கியிருக்கும், அல்லது அம்மாவின் இடுப்பில் ஏறியிருக்கும்.

விடுமுறை நாள் காலையில் அம்மா குளிக்கப் போகும்போது மட்டும் சுண்டு அவனுடையவள். அந்தக் கால்மணி நேரத்தில் அவளை முழங்காலில் உட்காரவைத்துக்கொண்டு, "அப்பா சொல்லு. அப்பா," என்று மெதுவாகச் சொல்லிக் கொடுப்பான். குளியலறைத் தண்ணீர்ச் சத்தம் நின்றதும் நிறுத்திவிடுவான். ஏழெட்டு வாரம் இப்படிப் போனது. ஒருநாள் மாலை அப்பா பணியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றியபோது, சுண்டு தரையில் தவழ்ந்து போய் அவர் காலைப் பிடித்து நிமிர்ந்து, "ப்பா," என்றாள். மறுபடியும் சொன்னாள். அப்பா பையைப் போட்டுவிட்டு அவளை வாரித் தூக்கிக்கொண்டார். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவன் வாசல்படியில் சட்டையை உதறிக்கொண்டு நின்றான்.

அன்றிலிருந்து ஓட்டுநர் மாறிப்போனார். மகன் சின்னவனாக இருந்தபோது ஒருநாளும் தலை வாரிவிடாத மனிதர், இவளுக்கு ரிப்பன் வாங்கிவந்தார். வாரம் ஒருமுறை பேருந்தில் தன் இருக்கைக்குப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு நடை கூட்டிப்போய் வந்தார். அவளைக் கண்ணில் வைத்துத் தாங்கினார்கள். அதை அவனால் மறுக்க முடியாது. அவளுக்கு அந்த வீட்டில் ஒரு குறையும் இல்லை. பார்க்கிறவர்கள் அண்ணனும் தங்கச்சியும் ஒரே அச்சு, உரித்து வைத்த மாதிரி இருக்கிறார்கள் என்றார்கள். அம்மா உடனே பேச்சை மாற்றுவாள்.

சுண்டு பேச ஆரம்பித்ததும் அவனை அண்ணா என்றாள். அவனை ஆட்டிப்படைத்தாள். "டேய் அண்ணா, நீ குதிரையாகு," என்பாள். ஆவான். கடையிலிருந்து ஓரம் தேய்த்த சின்னச் சின்ன வண்ணக் கண்ணாடித் துண்டுகள் கொண்டுவந்து கொடுப்பான். அவள் அவற்றைக் கண்ணில் வைத்துத் தெருவைச் சிவப்பாகவும் பச்சையாகவும் பார்ப்பாள். கடையில் ஒருமுறை அவன் வாய்தவறி, "எம்பொண்ணு இத ரொம்ப விரும்புவா," என்று சொல்லிவிட்டான். மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். தங்கச்சி என்று சொல்ல வந்தேன் என்றான். மாஸ்டர் அளவுகோலை எடுத்துக்கொண்டு மேஜைமேல் குனிந்தார்.

அவளுக்கு ஐந்து வயது ஆகப்போன வருடம், பள்ளிக்கூடத்தில் சேர்க்க விண்ணப்பம் வாங்கி வந்து மேஜைமேல் வைத்திருந்தார்கள். தந்தையின் பெயர், தொழில் என்ற இடங்களில் அப்பா தன் கோணல் எழுத்தில் நிரப்பியிருந்தார். தாயின் பெயர் என்ற இடத்தில் அம்மாவின் பெயர். உடன்பிறந்தோர் என்ற இடத்தில் அவன் பெயர் இருந்தது. அதை அவன் இரண்டு முறை படித்தான். இத்தனை வருடமாக வாயால் சொல்லிக்கொண்டிருந்தது இனி ஊரறிய ஒரு பதிவேட்டில் ஏறப்போகிறது.

அவன் ஒரு வக்கீலம்மாவைப் போய்ப் பார்த்தான். ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில், கோப்புகள் கூரை வரை அடுக்கிய அறை. அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு முழுவதையும் கேட்டாள். குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"தம்பி, பொறப்புச் சான்றிதழ் பொய்னு நீங்க நிரூபிக்கணும். நிரூபிக்கலாம், அது கஷ்டமில்ல. ஆனா நிரூபிச்சா, பொய் சொன்னவங்க மேல கேஸ் வரும். அது யாரு? உங்க அம்மா அப்பா. கொழந்தையப் பெத்த பொண்ணும் வந்து சாட்சி சொல்லணும். வருவாங்களா?"

வருவாளா என்று கேட்க அவன் பழைய தெருவுக்குப் போனான். வாயாடி படிப்பை முடித்துவிட்டு ஊருக்குத் திரும்பியிருந்தாள். அப்பாவின் மருந்துக்கடையிலேயே வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு நின்றாள். மத்தியான நேரம், கடையில் வேறு யாரும் இல்லை. முதலில் அவனை வாடிக்கையாளன் என்று நினைத்து, "என்ன வேணும்?" என்றாள். பிறகு மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்த கை நின்றது.

அவன் சொல்ல வந்ததைச் சொன்னான். அவள் குறுக்கே பேசவில்லை. பழைய வாயாடி என்றால் பாதியிலேயே நான்கு கேள்வி கேட்டிருப்பாள்.

"எனக்கு அப்படி ஒண்ணு நடக்கவே இல்லன்னு நெனச்சுக்கிட்டுதான் தெனமும் எந்திரிக்கிறேன்," என்றாள் கடைசியில். "அத நீ வந்து எடுத்துடாத. எனக்கு மாப்பிள்ளை பார்த்திருக்காங்க. உன்னக் கெஞ்சிக் கேட்டுக்கிறேன்."

அவன் திரும்பி நடக்கப்போனான். "நில்லு," என்றாள். பிறகு ரொம்பத் தாழ்ந்த குரலில், "நெட்டையா இருக்காளா?" என்று கேட்டாள்.

"ஆமா. பள்ளிக்கூடத்துல சேத்தா கடைசி பெஞ்சிலதான் உக்கார வெப்பாங்க."

அவள் தலையை ஆட்டினாள். ஒரு முதியவர் மருந்துச் சீட்டோடு படியேறி வந்தார். அவள் அவர் பக்கம் திரும்பிச் சீட்டை வாங்கிப் படித்தாள்.

ஆக அவன் கையில் எதுவும் மிஞ்சவில்லை. இருந்தாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்து, சுண்டு மொட்டைமாடியில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடப் போன பிறகு, அவன் பேச்சை எடுத்தான். காகிதத்தில் என்ன வேண்டுமானாலும் இருக்கட்டும், அதில் நான் கை வைக்கவில்லை, பக்கத்துத் தெருவில் ஒரு அறை பார்த்திருக்கிறேன், அவளிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றான். உடனே வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லலாம் என்றான்.

அப்பா இத்தனை வருடத்தில் முதல் முறையாக அவனை நேருக்கு நேர் பார்த்துப் பேசினார்.

"அஞ்சு வருஷமா எங்கடா போயிருந்த?"

"இந்த வீட்டுலதான்பா இருந்தேன்."

"காய்ச்சல்ல கெடந்தப்ப மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருந்தது யாரு? தடுப்பூசிக்குத் தூக்கிட்டு ஓடினது யாரு? நீ செஞ்சதுக்கு நான் டிப்போவுல தலைகுனிஞ்சு நின்னேன். இப்ப வளர்ந்து நிக்கறத உன்னுதுன்னு சொல்ல வந்துட்ட."

"தூக்க விட்டீங்களா என்ன? ஒரு நாளாவது விட்டீங்களா?"

அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள். அவள் கத்தவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். தையல் ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல்கள்.

"அவகிட்ட போயி என்னன்னு சொல்லுவ? நான் அவளுக்கு அம்மா இல்லன்னா? அப்ப அம்மா யாருன்னு கேப்பாளே, எந்த வாசல்ல போயி காட்டுவ? சொல்லுடா. நீ சொல்லிட்டு வேலைக்குப் போயிடுவ. அவ யாரக் கட்டிக்கிட்டு அழுவா?"

 அம்மா முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவள் அழுது அவன் பார்த்ததில்லை. அந்த நேரம் பார்த்துச் சுண்டு தண்ணீர் குடிக்கப் படியிறங்கி வந்தாள். வாசலில் நின்று அழுகிற அம்மாவைப் பார்த்தாள், சுவரோரம் திரும்பி நிற்கிற அப்பாவைப் பார்த்தாள், அம்மாவின் கையைப் பிடித்திருந்த அவனைப் பார்த்தாள். ஓடிவந்து இரண்டு கையாலும் அவன் தொடையில் அடித்தாள்.

"எங்கம்மாவ அழ வெக்காத. நீ வெளிய போ. போ நீ."

அவன் குனிந்து அவளைத் தொடப் போனான். அவள் பின்வாங்கி ஓட்டுநரின் காலைக் கட்டிக்கொண்டாள். அவர் அவளைத் தூக்கினார். அவள் அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு திரும்பவே இல்லை. அப்பாவின் முகத்தில் ஜெயித்த களை எதுவும் இல்லை. அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. ஆனால் பிடியை மட்டும் அவர் தளர்த்தவில்லை.

அந்த வாரமே அவன் வேறு ஊருக்குப் போனான். அங்கே உயர உயரமாகக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. வெளிச்சுவர் முழுக்கக் கண்ணாடி பதிக்க ஆள் தேவைப்பட்டது. மாஸ்டர்தான் சொல்லி அனுப்பினார். இடுப்பில் பட்டையைக் கட்டிக்கொண்டு தொங்கும் மேடையில் நின்று, ரப்பர் உறிஞ்சுக் கைப்பிடியைக் கண்ணாடியில் ஒட்டித் தூக்கிச் சட்டத்தில் பொருத்த வேண்டும். கூட வேலை பார்த்தவர்கள் கல்யாணம் ஆகிவிட்டதா, பிள்ளைகள் உண்டா என்று கேட்பார்கள். இல்லை என்பான்.  பிறகு அதுவும் பழகிவிட்டது.

முதலில் மாதம் ஒருமுறை வீட்டுக்குப் போனான். வேலை கூடக்கூட அது மூன்று மாதமானது, பிறகு வருடத்துக்கு ஒருமுறை. தொலைபேசியில் பேசினால் அம்மா, "இந்தா, அண்ணன்கிட்டப் பேசு," என்று அவளிடம் கொடுப்பாள். நல்லா இருக்கியா, நல்லா படிக்கிறியா என்று இரண்டு கேள்வி. இரண்டுக்கும் ம் என்று பதில். வாயாடிக்குக் கல்யாணம் ஆகி வெளியூர் போய்விட்டதாக எப்போதோ ஒருநாள் அம்மா சொன்னாள். ஏன் அதைச் சொன்னாள் என்று அவனும் கேட்கவில்லை.

சுண்டுவுக்கு ஒன்பது வயதானபோது ஒருமுறை போயிருந்தான். அச்சகத்தை மூடிவிட்டார்கள். தரை அதிரவில்லை. அப்பாவுக்கு முதுகுவலி, பேருந்து ஓட்டுவதை விட்டு டிப்போ அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார். "வா," என்றார். அதற்குமேல் இருவருக்கும் பேச எதுவும் இருக்கவில்லை. கோபம்கூட இல்லை. அம்மாவின் கண்பார்வை மங்கியிருந்தது. ஊசியில் நூல் கோக்கச் சுண்டுவைக் கூப்பிட்டாள்.

உள்ளறையிலிருந்து வந்தவளைப் பார்த்து அவன் எழுந்தே விட்டான். அவ்வளவு உயரம். நீளமான விரல்களால் நூலை நக்கி ஒரே தடவையில் கோத்துக் கொடுத்தாள். அம்மா சொன்னதும் உள்ளே போய், ஒரு சின்னத் தட்டின்மேல் தம்ளரை வைத்துத் தண்ணீர் கொண்டுவந்தாள். அந்தத் தட்டு வெளியாட்கள் வந்தால் எடுக்கிற தட்டு.

"இந்தாங்கண்ணா," என்றாள். "நீங்க இன்னிக்கு இருப்பீங்களா, கெளம்பிடுவீங்களா?"

டேய் என்றும் நீ என்றும் கூப்பிட்டு, முதுகில் ஏறிக் குதிரை ஓட்டிய வாய் அது. யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். வருடத்துக்கு ஒருமுறை வருகிற ஒருவரிடம் நல்ல பிள்ளைகள் எப்படிப் பேசுமோ அப்படிப் பேசினாள்.

சாயங்கால வண்டிக்குக் கிளம்புகிறேன் என்று அவன் சொன்னான். வந்ததிலிருந்து அப்படி எதுவும் முடிவு செய்திருக்கவில்லை. அந்தக் கேள்விக்கு அதுதான் வாயில் வந்தது. அவள் சரி என்று தலையாட்டினாள். அவன் தண்ணீரைக் குடித்து முடிக்கும்வரை மரியாதைக்காகக் காத்து நின்றாள். பிறகு தம்ளரை வாங்கிக்கொண்டு, பாதியில் விட்ட வீட்டுப்பாடத்தை எழுத உள்ளே போனாள்.